மேனேஜரின் இரண்டாவது பரிசோதனை

ஜனவரி 11

அக்காவுக்கு,

நான்கு நாளாகப் போன் அடிக்கிறேன், நீ எடுக்கவில்லை. அத்தானைக் கூப்பிட்டால், "அவ லாயத்துல இருக்கா, அப்புறம் பேசச் சொல்றேன்" என்கிறார். அந்த அப்புறம் வரவே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். பள்ளிக்கூட விடுதியிலிருந்து எழுதியதற்குப் பிறகு உனக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

விஷயம் உன் காதுக்கு எட்டியிருக்கும். சர்வதேசக் குதிரையேற்ற சாம்பியன்ஷிப் அக்டோபரில் நம் ஊரில் நடக்கிறது. இருபத்திரண்டு நாடுகளிலிருந்து முந்நூறு குதிரைகளுக்கு மேல் விமானத்தில் வரும். அவை வரவும், வந்தபின் தங்கள் நாட்டுக்குத் திரும்பவும் ஒரு நிபந்தனை இருக்கிறது. மைதானத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் நோயுள்ள குதிரை எதுவும் இருக்கக் கூடாது. உள்ளூர்க் குதிரைகளுக்கெல்லாம் முதலில் இரத்தப் பரிசோதனை. அதில் தேறியவற்றை மார்ச் கடைசிக்குள் அந்த வட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் வைக்க வேண்டும். போட்டி முடிந்ததும் திரும்பிக் கொண்டுவரலாம்.

உன் லாயம் மைதானத்திலிருந்து எட்டு கிலோமீட்டர். நானே அளந்து பார்த்தேன், இரண்டு தடவை.

இந்த வட்டத்துக்குக் கால்நடை அதிகாரியாக என்னைப் போட்டிருக்கிறார்கள். நானாகக் கேட்டு வாங்கிய வேலை. வேறு யாராவது வந்து உன்னிடம் அதிகாரம் பண்ணுவதைவிட நான் வருவது மேல் என்று நினைத்தேன். அடுத்த வாரம் பரிசோதனைக் குழு வரும். கேட்டைத் திறந்து வை. கோபம் இருந்தால் என்மேல் காட்டு, அவர்கள்மேல் காட்டாதே.

உன்
சின்னு


ஜனவரி 19

டாக்டர் அம்மாவுக்கு,

போனை எடுக்காமல் இருந்தது வேண்டுமென்றுதான். போனில் பேசியதைப் பிறகு நீ மாற்றிச் சொல்வாய். சின்ன வயசிலேயே உனக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் உண்டு. எழுத்தில் இருந்தால் இரண்டு பேருக்கும் நல்லது.

உன் குழு வந்தது. ஆறு பேர், தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை, கண்ணாடி, முகமூடி. சந்திரனுக்குப் போகிறவர்கள் வழி தவறி என் லாயத்துக்கு வந்துவிட்டார்களோ என்று நினைத்தேன். நான் கேட்டைத் திறக்கவில்லை. உன் அத்தான்தான் லாடம் அடித்துக்கொண்டிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் திறந்தார். ஏன் திறந்தீங்க என்று கேட்டேன். "சின்னு அனுப்பின ஆளுங்கதானே" என்றார். அந்த மனுஷனுக்கு எல்லாமே அவ்வளவு எளிது.

ஏழு குதிரைகளிடமும் இரத்தம் எடுத்தார்கள். ஆறு ஆடிக் குதித்தன. மேனேஜர் மட்டும் அசையாமல் நின்றது. ஊசி குத்திய பெண்ணைத் திரும்பிப் பார்த்ததே ஒரு பார்வை, வேலைக்குத் தாமதமாக வந்தவளைப் பார்ப்பது போல. உனக்குத் தெரியாததா. காலையில் கேட் பக்கம் நின்றுகொண்டு வருகிறவர்களையெல்லாம் அப்படித்தானே அது பார்க்கும். அதற்கு மேனேஜர் என்று பேர் வைத்தவளே நீதான்.

மார்ச்சில் ஏழையும் ஏற்றிக்கொண்டு நான் எங்கே போவது? என்னிடம் சவாரி பழக வருகிற பிள்ளைகள் நாற்பது பேர். அதில் ஒன்பது பேருக்குக் கை கால் சரியாக இயங்காது. வாரத்தில் இரண்டு நாள் குதிரைமேல் உட்கார்ந்தால்தான் அந்த முதுகுகள் நிமிர்கின்றன. அவர்களைப் பத்து கிலோமீட்டருக்கு வெளியே யார் அழைத்து வருவார்கள்? இதுவும் உன் நிபந்தனைக் காகிதத்தில் இருக்கிறதா?

எங்கள்மேல் இருக்கிற பாசத்தால் இந்த வேலையைக் கேட்டு வாங்கியதாக எழுதியிருக்கிறாய். பாசம் இருந்தால் குழுவோடு நீயும் வந்திருப்பாய்.

அக்கா


பிப்ரவரி 5

அக்காவுக்கு,

நோட்டீஸ் வருவதற்கு முன்னால் உனக்கு என்னிடமிருந்து தெரிய வேண்டும் என்பதற்காக அவசரமாக எழுதுகிறேன். ஆறு குதிரைகளும் சுத்தம். மேனேஜரின் இரத்தத்தில் சந்தேகம்.

நோயின் பேர் கிளாண்டர்ஸ். குதிரையிடமிருந்து குதிரைக்குத் தொற்றும், மனிதனுக்கும் தொற்றும். இருக்கிறது என்று உறுதியானால் சிகிச்சை கிடையாது, குதிரையை ஊசி போட்டுக் கொல்ல வேண்டும் என்பதுதான் சட்டம். ஆனால் இன்னும் எதுவும் உறுதியாகவில்லை. நம் ஆய்வகத்தின் பரிசோதனை சில சமயம் இல்லாததை இருக்கிறது என்று காட்டும். அதனால் இரண்டாவது மாதிரியை வெளிநாட்டிலுள்ள பெரிய ஆய்வகத்துக்கு நேற்றே என் கையால் கட்டி அனுப்பினேன். முடிவு வர ஐந்து வாரம் ஆகும்.

அதுவரை மேனேஜரைத் தனியாக வை. தண்ணீர்த் தொட்டி தனி, வாளி தனி. பிள்ளைகளைக் கிட்டே விடாதே. நீயும் கையுறை இல்லாமல் தொடாதே. அதன் மூக்கு ஒழுகுகிறது என்று குழு எழுதியிருக்கிறது. அது இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. இதை மறைத்து உன்னை ஏமாற்ற எனக்கு மனசில்லை.

சின்னு


பிப்ரவரி 8

சின்னு,

மூக்கு ஒழுகுகிறதாம். பதிமூன்று வருஷமாக ஒழுகுகிறது. செவலைக் குதிரை உதைத்து அதன் முகத்தில் எலும்பு விரிசல் விட்ட அன்று பக்கத்தில் நின்றது யார்? காயத்தைக் கழுவும்போது அது தலையை ஆட்டாமல் இருக்க, அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தது யார்? அன்றைக்குத்தான் நீ டாக்டருக்குப் படிக்கப் போவதாகச் சொன்னாய். குளிர் வந்தால் அந்தப் பக்கத்து மூக்கில் தண்ணீர் வரும், வெயில் வந்தால் நின்றுவிடும். இதை உன் குழுவுக்கு நீ சொல்லவில்லையா?

நீ சொன்னபடியே செய்திருக்கிறேன். தீவனக் கொட்டகையைக் காலி செய்து அதில் கட்டியிருக்கிறேன். கேட் தெரியாத இடம் என்பதால் காலை நேரத்தில் சுவரைக் காலால் தட்டுகிறது. பிள்ளைகள் கேட்டால் லீவில் இருக்கிறது என்று சொல்கிறேன். கைப்பிடி இல்லாமல் நடக்கவே முடியாத ஒரு பெண், "மேனேஜருக்கு எல்லாம் லீவு குடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

உன்னிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இதற்கு முன்னால் எதையும் கேட்டதில்லை, அது உனக்கே தெரியும். இரண்டாவது முடிவு வரும்வரை அதன்மேல் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று எழுதிக் கொடு. நோய் இருக்கிறது என்று வந்தால் நானே பிடித்துக்கொண்டு நிற்கிறேன், ஊசியை நீ போடு. அழ மாட்டேன். ஆனால் முடிவு வர வேண்டும்.

அக்கா


பிப்ரவரி 12

அக்கா,

எழுதிக் கொடுக்கிறேன். வெளிநாட்டு ஆய்வகத்தின் முடிவு வரும்வரை மேனேஜர்மேல் யாரும் கை வைக்க மாட்டார்கள். என் கையெழுத்து இல்லாமல் அந்த வட்டத்துக்குள் எதுவும் நடக்காது. நான் போட மாட்டேன்.

நிம்மதியாக இரு. சாப்பிடு.

சின்னு


மார்ச் 8

டாக்டர் அம்மாவுக்கு,

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தார்கள். வெள்ளை உடையில் இரண்டு பேர், கூடவே உன் உதவி டாக்டர். சின்னப் பையன் மாதிரி இருக்கிறார், முகத்தில் ஈயாடவில்லை. காகிதத்தை நீட்டினார். வாங்கிப் படித்தேன். கீழே உன் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை மேலே சுழித்து விடுவாயே, அதேதான். தேதி மார்ச் இரண்டு.

"முடிவு வந்துடுச்சா?" என்று கேட்டேன்.

"இன்னும் வரலைம்மா."

"அப்புறம் எப்படி?"

"மேலிடத்து உத்தரவும்மா. எனக்கு இதான் சொன்னாங்க."

"டாக்டர் எங்கே?"

"மீட்டிங்ல இருக்காங்க."

மேனேஜரைக் கொட்டகையிலிருந்து நான்தான் கூட்டி வந்தேன். வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து வெளிச்சத்துக்கு வருகிறது இல்லையா, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நேராக கேட் பக்கம் இழுத்தது. அங்கே போய் நின்று வெளியே பார்த்தது. ஒரு ஐந்து நிமிஷம் அப்படியே நிற்கட்டும் என்று கேட்டேன். உதவி டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். நல்ல பையன். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரிந்த தொழில், நான் விளக்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் சாயாமல் முன்னங்காலை மடித்துத்தான் விழுந்தது. பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள மடிக்குமே, அந்த மாதிரி.

பின்பக்கக் காலி நிலத்தில் எந்திரம் வைத்துத் தோண்டிச் சுண்ணாம்பு கொட்டி மூடினார்கள். கொட்டகையில் கிடந்த வைக்கோலையும் போர்வையையும் கொளுத்தினார்கள். சேணத்தையும் கேட்டார்கள். தோலுக்குள் கிருமி இருக்குமாம். கொடுத்துவிட்டேன். நீ சவாரி பழகியதும் அதில்தான் என்று அவர்களிடம் சொல்லவில்லை.

உன் அத்தான் அன்று வெளியூர் போயிருந்தார். சாயங்காலம் வந்து காலிக் கொட்டகையைப் பார்த்தார். போய்க் குழாயடியில் கைகால் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி நீ எழுதிய காகிதம் என்னிடம் இருக்கிறது. இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை.

முடிவு வந்தால் சொல். அது போதும்.

அக்கா


மார்ச் 21

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். போட்டிக்கு அனுமதி கொடுக்கிற ஆய்வுக் குழு மார்ச் இருபதாம் தேதிதான் வருவதாக இருந்தது. திடீரென்று ஒன்பதாம் தேதி வருகிறோம் என்று தகவல் வந்தது. அவர்கள் வரும் அன்று வட்டத்துக்குள் சந்தேகக் குதிரை ஒன்று இருந்தாலும் அனுமதி கிடையாது. அனுமதி இல்லையென்றால் சாம்பியன்ஷிப் இல்லை. மேனேஜரை வட்டத்துக்கு வெளியே அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். சந்தேகத்தில் இருக்கிற குதிரையைச் சாலை வழியே கொண்டுபோகக் கூடாது என்று சட்டம். வைத்திருக்கவும் முடியாது, அனுப்பவும் முடியாது. இரண்டு நாள் இதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்றாவது நாள் எங்கள் துறை இயக்குநர் கூப்பிட்டார். "ஒரு குதிரைக்காக ஊரே காத்துக்கிட்டிருக்கணுமா டாக்டர்?" என்றார். இரண்டு வருஷமாக இரவு பகலாக வேலை செய்கிறவர்கள் நானூறு பேர் இருக்கிறார்கள். எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

இரத்தத்திலும் சந்தேகம், மூக்கும் ஒழுகியது, வயசும் இருபத்தொன்று. பத்துக்கு ஒன்பது பங்கு நோய் இருக்கும் என்றுதான் ஒரு டாக்டராக எனக்குத் தோன்றியது. பிள்ளைகள் புழங்குகிற இடம் அது. அதையும் யோசித்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அன்று நான் வந்திருக்க வேண்டும். தவிர்க்க முடியாத கூட்டம், தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள்.

வெளிநாட்டு ஆய்வகத்தின் முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும் சொல்கிறேன்.

வேறு ஒரு விஷயம். போட்டிக்கு அனுபவமுள்ள லாடக்காரர்கள் தேவைப்படுகிறார்கள். அத்தானைப் போல இந்த ஊரில் இன்னொருவர் இல்லை. கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

சின்னு


ஜூன் 14

சின்னு,

வட்டத்துக்கு வெளியே வந்து இரண்டரை மாதம் ஆகிறது. நீங்கள் காட்டிய இடம் செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கிற ஒரு பொட்டல். நிழலுக்குத் தகரம் போட்டிருக்கிறார்கள். மத்தியானம் அதன் அடியில் நிற்பதைவிட வெயிலில் நிற்பது குளிர்ச்சியாக இருக்கிறது. செவலை போன வாரம் வயிற்று வலியில் போய்விட்டது. தண்ணீர் மாறினால் அதற்கு ஒத்துக்கொள்ளாது. உள்ளே இருந்தால் உன்னைக் கூப்பிட்டிருப்பேனா தெரியாது. இங்கே கூப்பிட ஆளே இல்லை.

நாற்பது பிள்ளைகளில் ஆறு பேர் வருகிறார்கள். கை கால் இயங்காதவர்களில் ஒருவரும் இல்லை.

உன் அத்தான் உங்கள் வேலையை ஏற்றுக்கொண்டார். அவரே உனக்குச் சொல்லியிருப்பார். என்னிடம் சொன்னபோது தரையைப் பார்த்துக்கொண்டு, "முந்நூறு குதிரைங்க, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஜாதி. இந்த ஜென்மத்துல இனிமே எங்க பாக்கப் போறேன்" என்றார். பதினெட்டு வருஷத்தில் அந்த மனுஷன் தனக்கென்று ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. போங்க என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. சரி என்று சொல்வது வேறு, பொறுத்துக்கொள்வது வேறு போலிருக்கிறது.

போன மாதம் பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்தார். சாம்பியன்ஷிப்புக்காக உள்ளூர்க் குதிரைகளை என்ன செய்தார்கள் என்று விசாரித்துக்கொண்டு போகிறார். என்னிடம் சொல்ல எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டேன். நீ பயப்பட வேண்டாம்.

அந்த முடிவு வந்ததா? மூன்று மாதம் ஆகிவிட்டதே.

அக்கா


செப்டம்பர் 22

அக்கா,

செவலையைப் பற்றிப் படித்தபோது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. உடனே எழுத நினைத்தேன். வேலை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று சொன்னால் நீ சிரிப்பாய், ஆனால் உண்மை. முதல் விமானம் நேற்று இறங்கியது. ஒவ்வொரு குதிரைக்கும் தனிப் பெட்டி, குளிர்சாதனம், கூடவே ஆள். இறங்கியதும் ஓடுதளத்தின் ஓரத்திலேயே நின்று ஒரு குதிரை கனைத்தது. அத்தனை இரைச்சலிலும் அது கேட்டது.

அத்தானை எல்லாருக்கும் பிடித்துவிட்டது. பேச்சு புரியாதவர்கள்கூட அவர் குளம்பைத் தூக்கிப் பிடிக்கிற விதத்தைப் பார்த்து நின்றுவிடுகிறார்கள்.

ஆய்வகத்துக்கு நினைவூட்டல் அனுப்பியிருக்கிறேன். அங்கே வேலை தேங்கிக் கிடக்கிறதாம்.

கடைசி நாள் தடை தாண்டும் போட்டிக்கு ஒரு பாஸ் வைத்திருக்கிறேன். வந்துவிட்டுப் போ. எனக்காக வேண்டாம், குதிரைகளைப் பார்க்க வா.

சின்னு


அக்டோபர் 19

சின்னு,

வந்தேன். நீ என்னைப் பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். நான் பார்த்தது உனக்கும் தெரிந்திருக்கும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மோசமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் வந்தேன். மைதானம் சேறாக இருக்கும், ஏதாவது இடிந்து விழும், கூட்டம் வராது என்று நினைத்தேன். நன்றாக இருந்தது. ஒரு சாம்பல் நிறக் குதிரை, கடைசித் தடைக்கு முன்னால் மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்ததே, அந்த உயரத்தில் ஒரு கணம் தன் பாரமே இல்லாததுபோல் நின்றது. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அம்மாளின் கையைப் பிடித்துவிட்டேன். அந்த அம்மாள் கையை எடுக்கவில்லை. இதைப் பார்க்காமல் செத்திருந்தால் ஒரு குறை இருந்திருக்கும். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. கேவலமாக இருந்திருந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்.

பிறகு அந்தக் கறுப்புக் குதிரை. எல்லாத் தடையும் தாண்டி முடித்துவிட்டது, ஒரு கட்டைகூட விழவில்லை. கூட்டம் எழுந்து கை தட்டுகிறது. நீ வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு நடந்து வந்து அதன் வாயோரம் துடைத்தாய். கையைத் தூக்கிக் காட்டினாய். கையுறையில் ஒரு புள்ளி இரத்தம். கடிவாளம் உரசியிருக்கும். அவ்வளவுதான், குதிரையும் வீரரும் போட்டியை விட்டு வெளியே. ஒரு புள்ளி இரத்தத்துக்காக அத்தனை ஆயிரம் பேரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த வீரர் உன்னிடம் கையெடுத்துக் கெஞ்சினார். நீ தலையை ஆட்டினாய். நியாயமான காரியம், குதிரையின் பக்கம் நின்றாய். பக்கத்து அம்மாள், "கண்டிப்பான டாக்டர்" என்று பாராட்டினாள். "என் தங்கைதான்" என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

உன் அத்தான் வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரே கதை. வெற்றி பெற்ற குதிரைக்கு லாடம் கழன்றுவிட்டதாம், கடைசிச் சுற்றுக்கு ஏழு நிமிஷம்தான் இருந்ததாம், இவர் அடித்துக் கொடுத்தாராம். முதல் தடவை சொன்னபோது எழுந்து போய்விட்டேன். பிறகு நானே இரண்டு தடவை கேட்டேன்.

இன்னொன்று. அந்த ஆய்வகத்தில் இன்னுமா வேலை தேங்கிக் கிடக்கிறது?

அக்கா


நவம்பர் 10

அக்காவுக்கு,

முதலில் அலுவலக விஷயம். போட்டி நன்றாக நடந்ததால் இரண்டு வருஷத்தில் இன்னொன்றையும் நமக்கே கொடுத்திருக்கிறார்கள். அதனால் வட்டம் நிரந்தரமாகிறது. உன் குதிரைகள் பழைய லாயத்துக்குத் திரும்ப முடியாது. போட்டி முடிந்ததும் திரும்பலாம் என்று நான் சொன்னது இனி செல்லாது. வட்டத்துக்குத் தலைமை அதிகாரியாக என் பேரை எழுதியிருக்கிறார்கள். இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இனி அலுவலகம் இல்லாதது.

முடிவு மார்ச் பதின்மூன்றாம் தேதியே எனக்கு வந்துவிட்டது. மேனேஜருக்கு நோய் இல்லை. நம் ஆய்வகம் காட்டியது தப்பு. ஊசி போட்டு ஏழு நாள் கழித்து அந்தக் காகிதம் என் மேசைக்கு வந்தது. மடித்துக் கோப்புக்குள் வைத்தேன். எட்டு நாள் கழித்து உனக்கு உட்கார்ந்து எழுதினேன், இன்னும் வரவில்லை என்று. நினைவூட்டல் அனுப்பியதாகச் சொன்னதும் பொய்.

கூட்டம் என்றதும் பொய். அன்று எந்தக் கூட்டமும் இல்லை. உன் தெருவின் திருப்பத்தில் பெட்ரோல் பங்க் இருக்கிறதல்லவா, அங்கே காரை நிறுத்திவிட்டு நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். பங்க்காரர் வந்து, "வண்டி ஏதும் ரிப்பேராம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் பாவம், பானட்டைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். உங்கள் பக்கமிருந்து புகை எழுந்ததும் கிளம்பிவிட்டேன்.

ஆய்வுக் குழு வந்ததே, அவர்கள் உன் லாயத்துப் பக்கம் போகக்கூட இல்லை. காகிதத்தில் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். இன்னும் ஐந்து நாள் அவகாசம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா என்று பிறகு அவர்களில் ஒருவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "நீங்க கேக்கவே இல்லையே" என்றார். உண்மைதான். எங்கள் பக்கத்தில் யாருமே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் நாம் தயாராக இல்லை என்று நினைத்துவிடுவார்கள் என்று பயம்.

அந்தக் கறுப்புக் குதிரையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது தடுப்புக்குப் பின்னால் உன்னைப் பார்த்தேன். நீ கை தட்டவில்லை, திட்டவும் இல்லை. அன்றிலிருந்து தூக்கம் இல்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். நீ இதை யாரிடம் காட்டினாலும், எந்தப் பத்திரிகைக்குக் கொடுத்தாலும், நான் மறுக்க மாட்டேன்.

சின்னு


நவம்பர் 24

சின்னு,

உன் கடிதத்தை அத்தானிடம் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். காரணம் கடைசியில் சொல்கிறேன்.

முடிவு எனக்கும் வந்தது. குதிரைச் சொந்தக்காரருக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்பது அந்த ஆய்வகத்தின் வழக்கமாம், கவரின்மேல் அப்படித்தான் எழுதியிருந்தது. மார்ச் பதினேழாம் தேதி தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார். படிக்கத் தெரியாத பாஷை, ஆனால் ஒரே ஒரு வார்த்தை தடித்த எழுத்தில் இருந்தது. மருந்துக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கேட்டேன். "ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்கும்மா, நல்ல சேதிதான்" என்றார்.

நான்கு நாள் கழித்து நீ எழுதினாய், இன்னும் வரவில்லை என்று. உன் கடிதமும் அந்தக் காகிதமும் ஒரே அலமாரியில் எட்டு மாதம் இருந்தன. பத்திரிகைக்காரர் வந்த அன்றும் அங்கேதான் இருந்தன. நான் எழுந்து மூன்றடி நடந்திருந்தால் போதும். உன் வேலை போயிருக்கும், சாம்பியன்ஷிப்பே நின்றிருக்கும். அவர் இரண்டு தடவை டீ குடித்தார். எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

உன்னைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நான் அவ்வளவு நல்லவள் இல்லை. நீயாகச் சொல்கிறாயா என்று பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஜூனில் கேட்டேன், பதில் சொல்ல மூன்று மாதம் எடுத்துக்கொண்டு பொய் சொன்னாய். அக்டோபரில் கேட்டேன். இப்போது சொல்லியிருக்கிறாய். சொல்லிவிட்டாய் என்றதும் மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. எட்டு மாதமாகக் கையில் பிடித்துக்கொண்டிருந்த ஒன்று போய்விட்டது போலத்தான் இருக்கிறது. இனி எதற்குக் காத்திருப்பது என்று தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டதைக்கூட ஒரு நாள் புரிந்துகொள்வேன். உன்மேல் எத்தனை பேர் ஏறி நின்றார்கள் என்று எனக்கும் தெரியும். பெட்ரோல் பங்கைத்தான் என்னால் முழுங்க முடியவில்லை. ஐந்நூறு அடி தூரம் சின்னு. நடந்து வந்திருந்தால் அது உன்னைப் பார்த்திருக்கும்.

மிச்சம் இருக்கிற ஐந்து குதிரைகளையும் ஏற்றிக்கொண்டு அடுத்த மாதம் கிளம்புகிறோம். நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்ன ஊர். கை கால் இயங்காத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது, இடம் தருகிறார்கள். இங்கே விட்டுவிட்டுப் போகிற ஒன்பது பேருக்கு என்ன சொல்வது என்று யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு வீடாகப் போய் நானே சொல்லிவிட்டு வந்தேன். மேனேஜருக்கு லீவா என்று கேட்டாளே, அந்தப் பெண் கதவைத் திறக்கவில்லை.

அத்தானிடம் ஏன் காட்டவில்லை என்றால், அந்த ஏழு நிமிஷத்துக் கதையை அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். லாரிக்காரர்களிடம் சொல்கிறார், தபால்காரரிடம் சொல்கிறார். அந்தக் காகிதம் மார்ச்சிலேயே வீட்டில் இருந்தது என்று தெரிந்தால் அந்தச் சுத்தியலை இனித் தொட மாட்டார். அவருக்காவது இந்த வருஷத்தில் ஒன்று நன்றாக இருக்கட்டும்.

அதனால் நீயும் நானும் இனி ஒரே பொய்யைத்தான் அவரிடம் சொல்லப் போகிறோம். வாய் தவறிக்கூட உளறிவிடாதே. தலைமை அதிகாரி வேலையை வாங்கிக்கொள். நீ விட்டால் உன்னைவிட மோசமான ஆள் வருவான்.

புதிய விலாசத்தை எழுதவில்லை. அத்தான் உனக்குச் சொல்லாமல் இருக்க மாட்டார், அதைத் தடுக்கவும் என்னால் முடியாது. போன் செய்யாதே. கடிதமும் வேண்டாம். வருவதாக இருந்தால் நேரில் வா. கேட்டைத் திறப்பேனா என்று இப்போது என்னால் சொல்ல முடியாது.

அக்கா